சம்பந்தி சாரின் வயிற்றுச் சூடு

அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள்: துறைத் தலைவர். சம்பந்தி சார். கண்ணாடிச் சாமான் கழுவும் நான். அப்புறம், மூடி போட்ட சின்னக் கண்ணாடித் தட்டுகளில் பாக்டீரியா.

கோயமுத்தூரிலேயே பாக்டீரியாவுக்கு "ங்க" போட்டுப் பேசினவர் சம்பந்தி சார் ஒருத்தர்தான். மூடியைத் திறக்கும் முன் "வாரேனுங்க" என்பார். தலைவருக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

சம்பந்தி என்பது வேலையால் வந்த பேர். ஒரு பாக்டீரியாவை இன்னொன்றோடு சேர்த்துவைப்பார். பெரிய டிஎன்ஏ போக, பாக்டீரியாவுக்குள் குட்டி வளையம் ஒன்று தனியாக இருக்குமாம். பிளாஸ்மிட். ஒட்டி நிற்கும்போது ஒருவர் அதை மற்றவருக்குக் கொடுப்பார். கொடுத்தவரிடமும் ஒன்று இருக்கும். "என்ற சம்சாரத்து நகை இப்படி இருந்திருந்தா நான் ஏனுங்க வேலைக்கு வாரேன்" என்பார்.

சேர்ந்திருக்கும் நேரம் குலுக்கினால் பிரிந்துவிடும். அதனால் அந்த மேசைப் பக்கம் தும்மக்கூடக் கூடாது. ஒருமுறை தலைவர் தும்மினார். வெளியே போகச் சொன்னார் சார். தலைவரும் போனார்.

தொண்ணூத்தஞ்சு வாக்கில் ஒரு சோதனை திரும்பத் திரும்பப் பொய்த்தது. தட்டில் ரெண்டு மருந்து. கொடுத்தவரை ஒன்று கொல்லும். வளையம் வாங்காதவரை மற்றது கொல்லும். வாங்கினவர் மட்டும் பிழைத்து, புள்ளியாக வளருவார். புள்ளியே வரவில்லை. நாளைக் காலையும் வராவிட்டால் வேலையை மூடிவிட்டு மண் பரிசோதனைக்குப் போங்கள் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கென்று, தட்டுகளை ராத்திரி முழுக்க உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் சூட்டுப்பெட்டி புகைந்து நின்றுபோனது. விடிந்தால் கிணத்துக்கடவில் சாரின் தங்கச்சி மகள் கல்யாணம். இவர் தாய்மாமன்.

சார் அலட்டிக்கொள்ளவில்லை. "இவங்க பொறந்த ஊரே மனுசன் குடல்தானுங்க." அன்றைய சோதனைத் தட்டு ரெண்டையும் ஒட்டி மூடி, பனியனுக்குள் வைத்து, துண்டால் கட்டினார். கூட்டத்தில் முன்னால் நின்று தடுக்க என்னைக் கூட்டிப்போனார்.

உக்கடத்தில் பஸ் நெரிசல். கண்டக்டர் உள்ளே தள்ளினார். "மெதுவாங்க, புள்ளைங்க இருக்குது" என்றார் சார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கண்டக்டர் அவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தது.

கல்யாண வீட்டு ராத்திரிப் பந்தியில் மோர் வந்தது. இவங்களுக்குக் குளுரும் என்று வேண்டாமென்றார். பக்கத்து இலைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

விடிகாலை முகூர்த்தம். தாய்மாமன்தான் பெண்ணை மணவறைக்குத் தூக்கி வரவேண்டும். பெண் நல்ல வளர்த்தி. தூக்கினால் தட்டு நொறுங்கும். தூக்காவிட்டால் தங்கச்சி சாகும்வரை பேசாது. தங்கச்சி வந்து நின்றது. "ஏனுங்கண்ணா, புள்ளை காத்திருக்குது."

சார் என்னைச் சமையல்கட்டுக்குப் பின்னால் இழுத்துப்போனார். என் சட்டையைத் தூக்கி, தட்டுகளை என் வயிற்றில் கட்டினார்.

"அஞ்சு நிமிசத்துக்கு இவங்களுக்குத் தாய்மாமன் நீங்கதானுங்க. மூச்சை மெதுவா உடுங்க."

அதுவரை யாரும் என்னிடம் எதையும் அப்படிக் கொடுத்ததில்லை. கழுவத்தான் கொடுப்பார்கள்.

பெண்ணை இறக்கிவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். "சூடு இருக்குதுங்களா?" இருந்தது. தட்டைத் திருப்பி வாங்கவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் அவர் முன்னால் நின்றார், நான் உட்கார்ந்து வந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் தலைவர் காத்திருந்தார். சார் என்னை மேசை முன்னால் நிறுத்தினார். மூடியை என்னைத் திறக்கச் சொன்னார். புள்ளிகளை என்னையே எண்ணச் சொன்னார். ரெண்டு தட்டும் சேர்த்து எண்ணினேன்.

பதினேழு.