பூதத்துக்குப் பல்வலி

எனக்கு நியாயம் பார்க்க வராது. கதிர் அறுக்கும் மெஷின் ஓட்ட வரும், அவ்வளவுதான். இது தெரியாமல் போன வருஷம் என்னை மாஸ்டராக உட்கார வைத்துவிட்டார்கள். (டீக்கடை மாஸ்டர் இல்லை. அதுவாக இருந்தால் தப்பித்திருப்பேன்.)

தங்கச்சி புருஷன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது ஒரு கதை விளையாட்டைக் கொண்டுவந்தார். கதையை நடத்துகிறவர் மாஸ்டர். மற்றவர்கள் கதைக்குள் ஆட்கள். என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டு இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் பிழைப்போம். சின்னது விழுந்தால் அடி, இல்லை சாவு. மூன்று ஞாயிறு அவரே நடத்தினார். நாலாவது ஞாயிறு மத்தியானம், "இன்னைக்கு நீங்க நடத்துங்க மச்சான். நானும் ஒரு தடவ ஆடிப் பாக்குறேன்" என்றார்.

தங்கச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணே, நாளைக்கு அவருக்கு ஃப்ளைட்டு. மூஞ்சி கோணாம அனுப்பணும். சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டாள். நான் பிடித்துக்கொண்டேன்.

கதையில் ஒரு ஆறு. ஆறு நிறைய முதலை. பங்காளி சேகர் பதினாலு போட்டான். "முழங்காலுக்குக் கீழ போச்சு" என்றேன். என் மனைவி செல்வி பதினெட்டு போட்டாள். "நீ கரையேறிட்ட. போயி எல்லாருக்கும் சோறாக்கு."

"ஆட்டத்துலயுமா?" என்றாள்.

மாப்பிள்ளைக்கு ஒன்று விழுந்தது. அதற்குக் கீழே எண் கிடையாது.

"முதலை ஒதுங்கி வழி விட்டுச்சுங்க மாப்ள."

சேகர் எகிறினான். "ஒன்னு போட்டவருக்கு வழி, பதினாலு போட்டவனுக்குக் கால் இல்லையா? ஏன்டா, நான் இந்த வீட்டுல பொண்ணு கட்டலங்கிறதுக்காகவா?"

அடுத்தது பூதம். மாப்பிள்ளை என்னையே பார்த்தார். "கத்திய கீழ போட்டுட்டு அது வாயில கைய விடுறேன்" என்று உருட்டினார். ரெண்டு.

நான் கொஞ்சம் யோசித்தேன். "பூதத்துக்குப் பல்வலிங்க. வாய மூட முடியல."

சேகர் தரையில் உருண்டு சிரித்தான். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "என்ன பண்ணாலும் சாக மாட்டேன்னா, நான் எதுக்கு மச்சான் இங்க?" என்று எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்றார். முத்துப்பேட்டையிலிருந்து வரவழைத்த கொடுவா மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. தங்கச்சி பார்த்த பார்வையில் ஈர நெல் காய்ந்திருக்கும்.

பகடையோடு போய்க் கதவைத் தட்டினேன். "மாப்ள, திறங்க. இந்தத் தடவ செத்தா செத்ததுதான்."

திறந்தார். உருட்டினார். மூன்று.

குனிந்து பகடையை இன்னொரு தடவை பார்த்தேன்.

"சொல்லுங்க மச்சான்."

"மன்னிச்சுக்கங்க மாப்ள. பூதம் கடிச்சிடுச்சு."

"கை போச்சா?"

"முழுசாவே போயிட்டீங்க."

என் கையைப் பிடித்துக் குலுக்கினார். செத்தவர் வந்து உட்கார்ந்து நாலு துண்டு மீன் சாப்பிட்டார். (ஊருக்குப் போகிற மனுஷனைக் கொன்றுவிட்டேன் என்று தங்கச்சி அதற்கும் ஒரு பாட்டு விட்டாள்.)

இப்போதும் எங்கள் வீட்டில் யாருக்காவது மீன் துண்டு பெரிதாக விழுந்தால், "பூதத்துக்குப் பல்வலியா?" என்று கேட்பார்கள். எனக்கு எப்போதும் வால்தான் விழுகிறது. பரிமாறுவது செல்வி.