பெரியப்பாவின் மீசையைத் துடைத்த மாடல்

கொஞ்சம் படித்தவன் தன் படிப்பைச் சொந்தக்காரர்கள் கூடும் நாளில் காட்டக் கூடாது. நான் காட்டினேன்.

அப்போது திருப்பதியில் ஆராய்ச்சி மாணவன். கண்ணாடி வழியாக எடுத்த படங்களில் விழும் பிரதிபலிப்பை டீப் லேர்னிங் கொண்டு நீக்குவது என் வேலை. கடைவீதி ஷோரூம் கண்ணாடிகளையெல்லாம் படமெடுத்து, எது பொருள், எது பிரதிபலிப்பு என்று கணினிக்குப் பழக்கி, தானே பிரித்துக்கொடுக்கும் ஒரு மாடலை உருவாக்கியிருந்தேன். (புடவைக் கடை வாட்ச்மேன் இரண்டு முறை துரத்தினார்.)

சித்தூர் பக்கம் எங்கள் ஊரில் பெரியப்பாவுக்கு முதல் வருஷ திதி வந்தது. பேனருக்குப் படம் வேண்டும். இருந்ததோ சுவரில் மாட்டிய ஒரே படம். அதுவும் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது, உருவினால் கிழிந்துவிடும். செல்போனில் எடுத்தால் பெரியப்பாவின் கன்னத்தில் டியூப்லைட்டும் நெற்றியில் நானும் தெரிந்தோம்.

"கவலையே வேணாம் நைனா, என் மாடல் பாத்துக்கும்" என்றேன்.

நைனாவின், அதாவது என் அப்பாவின், கவலை வேறு. பெரியப்பா மகளின் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் விட்டுப்போனதென்று சித்தப்பா ஆறு வருடமாக எங்களோடு பேசவில்லை. அண்ணன் சாவுக்குக்கூட சுடுகாடு வரை வந்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டார். திதிக்கு வருவதாக இப்போதுதான் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அவன் வந்து எலைல குந்தி ஒரு வாய் துன்னா போதும்டா" என்றார் நைனா.

மாடலை ஓட்டினேன். டியூப்லைட் மாயம்! நானும் மாயம்! பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் சித்தூர் பேனர் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, நண்பனுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

திதியன்று காலை கடைக்காரர்களே வந்து பஸ் ஸ்டாப்பில் கட்டிவிட்டுப் போனார்கள். நாங்கள் எல்லோரும் சமையலில் இருந்தோம். முதலில் பார்த்தவர், பஸ்ஸிலிருந்து இறங்கிய சித்தப்பா.

பளிச்சென்ற வெள்ளையெல்லாம் பிரதிபலிப்பு என்று முடிவு செய்த என் மாடல், டியூப்லைட்டோடு பெரியப்பாவின் வெள்ளை மீசையையும் துடைத்து, அங்கே நல்லதாக ஓர் உதட்டை வரைந்து வைத்திருந்தது. மீசை இல்லாத பெரியப்பா அச்சு அசல் சித்தப்பா. பத்தடி உயரத்தில், மாலையோடு, 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி'. (கீழே பெரியப்பா பெயர்தான் இருந்தது. அதை யார் படிக்கிறார்கள்? டீக்கடைக்காரர் சித்தப்பாவைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே போட்டுவிட்டாராம்.)

சித்தப்பா விறுவிறுவென்று வீட்டுக்குள் வந்தார். நான் பின்வாசலை நோட்டம் விட்டேன்.

"ஏண்ணா, பத்திரிகைல பேரு போடல. அதுக்குன்னு பேனர்ல படத்தையே போட்டுட்டீங்களா?"

நைனா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினார். "இவன்தான்டா... கம்ப்யூட்டர்ல..." என்று என்னைக் காட்டியவர், மேற்கொண்டு பேச முடியாமல் சிரித்துவிட்டார். முறைத்துப் பார்த்த சித்தப்பாவுக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு சித்தப்பா இலையில் உட்கார்ந்தார். நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டே பரிமாறினார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து சித்தப்பா மீசை வளர்க்கிறார். எந்த விசேஷத்தில் யார் காரணம் கேட்டாலும் என் பக்கம் கை காட்டுவார்.

"இன்னா பண்றது? இவன் இன்னும் அந்த வேலைதான் பண்ணிக்கினு கீறான்."