அத்தான் பெயரை விழுங்கிய பலகை

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அங்கே எல்லோரும் நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தன் ஆபரேஷன் தள்ளிப் போனதற்கு நான்தான் காரணம் என்று அத்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாராம். தொண்டையில் கட்டியை வைத்துக்கொண்டு அவ்வளவு பேசுகிறார் என்றால் வயிறு எவ்வளவு எரிந்திருக்கும்.

"ஒரு பேரைப் பலகையில காட்டத் துப்பில்லாம இருபது வருஷமா என்னடா கிழிச்சே?" என்று போனில் கேட்டாய். நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரிக் கூடத்தில் நர்ஸுகள் இனிமேல் நோயாளிகளைக் கத்திக் கூப்பிடக் கூடாது, மணி அடித்து மின்பலகையில் பெயர் வரவேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்த ப்ரோக்ராமை சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய மகானுபாவன் நான். கம்ப்யூட்டர் நம் தமிழ் எழுத்தை மூன்று மூன்று துண்டாக உடைத்து வைத்திருக்கும். இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரே துண்டு. பலகைக்கு அனுப்புமுன் துண்டுகளைச் சேர்த்து முழு எழுத்தாக்க ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு ரெடிமேட் கட்டளை, இருக்கிறது. ஆனால் எந்த மொழி வழக்கப்படி சேர்ப்பது என்று ஆரம்பத்திலேயே அதற்கு ஒரு வரி எழுதிச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. சோதித்துப் பார்த்ததெல்லாம் என் இங்கிலீஷ் இனிஷியலை வைத்து. அது ஜம்மென்று வந்தது, மேனேஜர் கைகூடக் கொடுத்தார்.

திங்கட்கிழமை பலகை ஓட ஆரம்பித்தது. அந்த ஃபங்ஷன் நம் எழுத்தின் முதல் துண்டைப் பார்த்ததுமே, நம்மால ஆகாதுப்பா என்று மைனஸ் ஒன்றைத் திருப்பித் தந்துவிட்டது. நான் அதை வாங்கி வைத்த இடமோ மைனஸ் என்றால் என்னவென்றே தெரியாத இடம். அங்கே போய் அது கோடி கோடியாக வீங்கி, இத்தனை எழுத்தில் ஒரு பெயரா என்று பலகை மலைத்து, காலியாக நின்றுவிட்டது. மணி அடிக்கும், பலகையில் ஒன்றும் இருக்காது, நம்ம பேர்தானோ என்று கூடமே எழுந்து நிற்கும், உட்காரும், மறுபடி மணி. காலில் கட்டுப்போட்ட ஒருத்தர் பதினோரு தடவை எழுந்தாராம்.

செவ்வாய்க்கிழமை அந்த வரியைச் சேர்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், சத்தியமாக. புதன்கிழமை அத்தான் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள். "நான் தனியாப் போய்க்கிறேன், நீ அப்புறமா வா" என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனவர், சாயங்காலம் வரை பலகை காலியாகவே இருந்தது என்று திரும்பி வந்துவிட்டார். நான் அனுப்பியதை அவங்க போடலையோ, போட்டும் அது ஓடலையோ, எனக்கென்ன தெரியும். அடுத்த தேதி ஆறு வாரம் கழித்துத்தானாம். அதற்குள் அந்தக் கட்டி என்ன பண்ணுமோ.

ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். நாளைக் காலை மேனேஜர் மேசைக்குப் போகும். அத்தான் காலில் நான் விழுந்ததாக அவரை நினைத்துக்கொள்ளச் சொல். பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசிகள், அவற்றுக்கு இன்னும் மதிப்பு இருந்தால்.

என்றும் உன் உதவாக்கரைத் தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்காரர் போன் பண்ணினார். "செவ்வாய்க்கிழமை சாயங்காலமே போட்டுட்டோமே சார், புதன்கிழமை ஒரு பேர்கூடத் தவறலையே" என்றார். பலகையில் எந்தப் பெயர் எப்போது வந்தது என்ற பதிவைப் பார்க்கச் சொன்னேன். அத்தான் பெயர் காலை பத்து மணிக்கு மூன்று தடவை வந்திருக்கிறது, ஓர் எழுத்துகூடக் குறையாமல். வாசல் காவலாளியையும் கேட்டார்கள். "ஆமா, கழுத்துல மஃப்ளர் சுத்தின ஒருத்தர். பலகையைப் பார்த்தாரு, பையை எடுத்துக்கிட்டு வெளியே வந்துட்டாரு. பொழுது சாயற வரைக்கும் சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாரு" என்றாராம்.

ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை அக்கா. அவரிடம் எதுவும் கேட்காதே, பழி என் மேலேயே இருக்கட்டும். அடுத்த தேதிக்கு நானும் வருகிறேன். பலகையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அவர் கையைப் பிடித்துக்கொள்.