மெட்ரிக் மாப்பிள்ளை

"மலைப்பாம்புக்கு ஏன் அடிக்கணக்குப் போட்டனீர்?" ஆசிரியர் அம்பிகைபாகன் மேசையில் ஓங்கித் தட்டினார். "இனி எங்கட பத்திரிகையில அடி, அங்குலம், இறாத்தல் ஒண்டும் வரக்கூடாது. செய்தி, சமையல் குறிப்பு, கலியாண விளம்பரம், எல்லாம் மெட்ரிக். விளங்குதோ?"

கண்டியிலிருந்து வெளிவரும் அந்த வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியர்கள் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். சிவமணி மட்டும் துள்ளிக் குதிக்காத குறை. மடவளையில் பிடிபட்ட பாம்பு மீற்றரானால் என்ன, மில்லிமீற்றரானால் என்ன? கலியாண விளம்பரம் என்ற சொல்லில்தான் அவன் உயிர் இருந்தது.

'மணமகன், உயரம் ஐந்தடி இரண்டங்குலம்' என்று தன் பத்திரிகையிலேயே அவன் போட்ட விளம்பரங்களுக்கு இதுவரை ஓர் அழைப்புக்கூட வந்ததில்லை. அன்றே திருத்தினான். உயரம் 157 சென்ரிமீற்றர்.

"அப்படின்னா எத்தனை அடிப்பா?" என்று மஹய்யாவ வீட்டில் அம்மா கேட்டாள்.

"அடின்னு பேசக்கூடாதும்மா. ஆசிரியர் உத்தரவு."

அடுத்த வாரமே கம்பளையிலிருந்து பெண் வீட்டார் அழைத்தார்கள். "நூத்தி அம்பத்தேழா! நல்லா வளர்ந்த பையன் போல" என்றார் பெண்ணின் அப்பா. சிவமணி மறுக்கவில்லை.

பெண்ணின் விபரமும் வட்ஸ்அப்பில் வந்தது. நிருஷா, கணித ஆசிரியை, உயரம் 1.83 மீற்றர். படத்தில் கதிரையில் உட்கார்ந்து சிரித்தாள். அலகை எவ்வளவு ஒழுங்காகப் போட்டிருக்கிறாள் என்று சிவமணி பூரித்துப் போனான். இரண்டு மீற்றர்கூட இல்லை, கைக்கு அடக்கமான பெண்!

பெண் பார்க்கும் நாள் வந்தது. குதி உயர்ந்த சப்பாத்து ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டான். வாசலில் அதைக் கழற்ற வேண்டும் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. பையிலிருந்த பத்திரிகையை மடித்து, காலுறைக்குள் குதிக்காலுக்குக் கீழே திணித்துக்கொண்டான்.

அம்மாவோடு கம்பளை வீட்டுக்குள் நுழைந்தபோது கால் வைக்கும் இடமெல்லாம் 'சரக், சரக்' என்றது.

"என்னங்க சத்தம்?" என்றார் பெண்ணின் அப்பா.

"எலியா இருக்கும்ங்க" என்றாள் அம்மா, மகனைக் காப்பாற்றும் அவசரத்தில்.

எலி என்றதும் வீடே அல்லோலகல்லோலப்பட்டது. பெண்ணின் அத்தை அன்னலட்சுமி விளக்குமாற்றுடன் பாய்ந்து வந்து, சத்தம் வந்த இடத்தில் ஒரு போடு போட்டாள். அது சிவமணியின் பாதம். அவன் அலறியடித்துக் கதிரையில் ஏறிச் சம்மணமிட்டுக்கொண்டான். தாழ்வான தகரக் கூரையில் சுற்றிய மின்விசிறி வியர்வையை ஆற்றியது. இனி எழும்புவதே இல்லை என்று முடிவு செய்தான்.

அவன் அதிர்ஷ்டம், எதிரே நிருஷாவும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். எலிக்குக்கூட அவள் அசையவில்லை. தேநீரையும் அத்தைதான் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"வட்டிலப்பத்துக்கு ஒரு இறாத்தல் கருப்பட்டியை 453.6 கிராம்னு போட்டது நீங்கதானே?" என்றாள் நிருஷா. "உங்களால எங்க வீட்டுல தராசே வாங்கிட்டோம்."

சிவமணிக்குத் தலைகால் புரியவில்லை. இவள்தான், இவளேதான்!

"ரெண்டு பேரும் ஜோடியா நில்லுங்க, ஒரு போட்டோ எடுப்போம்" என்று பெண்ணின் அப்பா போனைத் தூக்கினார்.

சிவமணி எழும்பவில்லை. நிருஷாவும் எழும்பவில்லை.

"கூச்சப்படுறாங்க" என்றாள் அம்மா.

நிருஷா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க, பொய் சொல்லி இவளைக் கட்டுவதைவிடக் கட்டாமலே போகலாம் என்று சிவமணிக்குத் தோன்றியது. காலுறையிலிருந்த பத்திரிகையை உருவி எடுத்தான்.

"மன்னிச்சிருங்க. எலியெல்லாம் இல்ல, இதுதான். நான் அஞ்சடி ரெண்டங்குலம்தான்."

"தெரியுமே. நான் கணக்கு டீச்சர். விளம்பரம் பார்த்த அன்னிக்கே கணக்குப் போட்டுட்டேன்." நிருஷாவின் முகம் மலர்ந்தது. "நீங்க என்னோடதைப் போட்டுப் பார்க்கலையா?"

கதிரையின் கைகளைப் பிடித்துக்கொண்டு அவள் எழத் தொடங்கினாள்.

சமையலறை வாசலிலிருந்து அத்தை அலறினாள்: "ஐயோ, இருடி! முதல்ல யாராவது அந்த ஃபேனை நிப்பாட்டுங்க!"