துருவானந்தாவின் உருகாத பனி

அந்தச் சனிக்கிழமை காரைக்கால் கடற்கரைச் சாலையில் சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லை. திருநள்ளாற்றில் குளித்து, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டு, சனி விட்டது என்று கிளம்பிய வேன்களெல்லாம் ஊருக்குப் போகாமல் கிழக்கே திரும்பின. நெரவியிலிருந்து டிராக்டரில் வந்தார்கள். தலத்தெருவிலிருந்து ஆட்டோவில் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மூட்டை. உள்ளே என்ன? குப்பை! அசல் வீட்டுக் குப்பை. வழக்கமாக அதைப் பக்கத்து வீட்டுச் சுவரோரம் வீசுகிற ஜனங்கள், அன்று குளித்து முழுகிப் பயபக்தியோடு மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள்.

எல்லாம் துருவானந்தா சுவாமிகளின் மகிமை. இரண்டு மாதத்துக்கு முன்னால் மீனவர் குப்பத்து வாய்க்கால் ஓரமாகக் கீற்றுக்கொட்டகை போட்டவர். எந்நேரமும் கம்பளிச் சால்வைதான். வியர்வை ஊற்றினாலும் கழற்றமாட்டார். வடதுருவத்தில் பன்னிரண்டு வருஷம் தவம் இருந்தாராம், உடம்பில் இன்னும் குளிர் போகவில்லையாம்.

"வடதுருவத்துல பனி உருகுது. கடல் ஏறுது!" என்பார் சுவாமிகள். இது உண்மை. டி.வி.யில் சொல்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள். குப்பத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லவே வேண்டாம். அவர்கள் வலை காயப்போட்ட மணல் இப்போது கடலுக்கு அடியில் இருக்கிறது.

"ஏன் உருகுது? உங்க பாவம் சுடுது! அந்தப் பாவம் உங்க வீட்டுக் குப்பையில ஒளிஞ்சுகிட்டு இருக்கு!" இங்கேதான் புளுகு ஆரம்பம். ஓர் உண்மையை முன்னால் நிறுத்தி, அதன் முதுகுக்குப் பின்னால் பத்துப் புளுகை நிறுத்தத் தெரியாதவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

பரிகாரம் ரொம்பச் சுலபம். குப்பை மூட்டையைத் தலையைச் சுற்றி மூன்று சுற்று. வாய்க்காலில் ஒரு வீச்சு. திரும்பிப் பார்க்காமல் வந்து ஐந்நூற்றொரு ரூபாய் தட்சணை. உடனே சுவாமிகள் தம் பெட்டியிலிருந்து, சிவப்புத் துணியில் முடிந்த ஒரு பனிக்கட்டியைக் கொடுப்பார். ஜில்லென்று இருக்கும். வடதுருவத்துப் பனி! உருகவே உருகாது! வாசலில் கட்டினால் கடல் அந்த வாசலைத் தாண்டாது. நிபந்தனை இரண்டே இரண்டு: தண்ணீர் படக்கூடாது, மீன் வாடை அடிக்கிற கை தொடக்கூடாது.

சாமர்த்தியத்தைப் பாருங்கள்! விடிவதற்கு முன்பிருந்தே ஐஸோடு மாரடிக்கிறவர்கள் மீனவர்கள். ஐஸ் எப்படி இருக்கும் என்று ஊரில் யாரையாவது கேட்பதென்றால் அவர்களைத்தான் கேட்கவேண்டும். அவர்கள் கைக்குத்தான் தடை!

அஞ்சுகத்தின் கையும் அப்படிப்பட்ட கைதான். இருபது வருஷமாக மீன் விற்கிற கை. வாய்க்கால் ஓரத்துக் கடைசி வீடு அவளுடையது. புருஷன் குணசேகரன் கட்டுமஸ்தான ஆள், கடலில் புயலையே பார்த்தவன். சுவாமிகளைப் பார்த்ததும் சுருண்டுவிட்டான். இப்போது கடலுக்கே போவதில்லை, கொட்டகையில் மைக் பிடிப்பது அவன்தான்.

வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருநாள் குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். ஆம்பிளைகள் அத்தனை பேரும் இறங்கி வாய்க்காலைத் தூர்வாரி, கடலில் சேருகிற வாயை வெட்டிவிடுவார்கள். மழைத்தண்ணீர் ஓடிவிடும், வீடுகள் தப்பிக்கும். இந்த வருஷம் ஒருவனும் இறங்கவில்லை. ஏன்? மூட்டையைத் தொட்டால் அடுத்தவன் பாவம் ஒட்டிக்கொள்ளும் என்று சுவாமிகள் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை ஒருமணி நேரம் மழை பெய்தது. வெறும் ஒருமணி நேரம். தண்ணீர் போக வழியில்லாமல் அஞ்சுகத்தின் அடுப்படிக்கு வந்தது. தண்ணீரோடு பரோட்டா பார்சல் உறை, தண்ணீர் பாட்டில், யார் வீட்டுப் பிள்ளையுடையதோ ஒரு பாம்பர்ஸ், எல்லாம் விருந்துக்கு வந்தன.

"பாத்தீங்களா? இது ஒருமணி நேர மழை. அடைமழை புடிச்சா சுவரு நிக்குமா? மண்ணு சுவருங்க நம்மளது!" என்றாள். அழுகை வந்துவிட்டது அவளுக்கு.

"வாசல்ல பனி கட்டியிருக்கேன்ல? கடல் வராது அஞ்சுகம்."

"கடலு எங்கங்க வந்துச்சு? வந்தது ஊரு குப்பை!"

"சாமிய பழிக்காத!" என்று குணசேகரன் காதைப் பொத்திக்கொண்டான்.

அவன் போனதும் அஞ்சுகம் வாசலைப் பார்த்தாள். சிவப்பு முடிச்சு நிலையில் ஆடிக்கொண்டிருந்தது. அவிழ்த்து, ஈரக் கையாலேயே எடுத்து, மீன் பெட்டியில் கிடந்த ஐஸ் தண்ணீரில் போட்டாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எடுத்து மறுபடி சிவப்புத் துணியிலேயே முடிந்துவைத்தாள்.

சனிக்கிழமை அந்த மீன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நேரே கொட்டகைக்குள் நுழைந்தாள். கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டது.

"ஏ, மீன் பெட்டியோட எங்க வர்ற?" என்று குணசேகரன் மைக்கிலேயே கத்தினான். மானம் போனது மூன்று தெருவுக்குக் கேட்டது.

"ஒரே ஒரு சந்தேகம் சாமி," என்று பெட்டியை இறக்கினாள் அஞ்சுகம். "டி.வி.யில பனிமலை காட்டுறாங்க. அது கடல்ல மெதக்குதா, முழுவுதா?"

"மிதக்கும். மலைமலையா மிதக்கும். நான் அதுமேல உட்காந்து தவம் செஞ்சிருக்கேனே!" என்றார் சுவாமிகள்.

"சந்தோசம் சாமி." அவள் ஒரு கையால் சாதாரண ஐஸ் துண்டைத் தண்ணீரில் போட்டாள். மிதந்தது. இன்னொரு கையால் சிவப்பு முடிச்சை அவிழ்த்துப் போட்டாள். தொப்பென்று அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. "உங்க மலை மட்டும் ஏன் சாமி முழுவிப்போச்சு?"

கூட்டம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது. சுவாமிகள் லேசுப்பட்டவரா? "அது மந்திர கனம்!" என்றார். "ஆமா ஆமா, மந்திர கனம்!" என்று பாதிக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நம் ஜனங்களை ஏமாற்றப் பெரிய பாடு படவே வேண்டாம். அரை வார்த்தை எடுத்துக் கொடுத்தால் மீதியை அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

முன்வரிசையில் சலூன்கடை வைத்தியலிங்கம் இரண்டாவது மூட்டையோடு நின்றிருந்தார். அவருக்கு என்ன தோன்றியதோ, பெட்டிக்குள் கைவிட்டு அந்தக் கட்டியை எடுத்தார். விரலால் தேய்த்தார். நாக்கில் வைத்தார். தூவென்று துப்பினார்.

"அடப்பாவி! படிகாரம்டா இது! ஷேவிங் பண்ணி முடிச்சதும் மூஞ்சியில தேய்ப்பேனே, அது! தெனம் தேய்க்கிறவன் நானே ஐநூறு ரூவா குடுத்து வாங்கியிருக்கேனே!"

அவ்வளவுதான். யாரோ சுவாமிகளின் பெட்டியைக் கவிழ்த்தார்கள். அடியில் நம்ம ஊர் ஐஸ், மேலே படிகாரக் கட்டிகள். சுவாமிகள் சால்வையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். குளிரெல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது போலும்! நாலு பேர் துரத்திப் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள்.

நியாயம் கிடைத்த திருப்தியில் கூட்டம் மெல்ல நழுவியது. அஞ்சுகம் குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க கெளம்பிட்டீங்க? வாய்க்கால்ல கெடக்குற மூட்டைய யாரு எடுக்குறது? இன்னொரு மழை வந்தா என் வீடு போயிடும்ங்க!"

"சாமியார் பண்ணின வேலை, அவனே எடுக்கட்டும்."

"எங்க மூட்டைய கடல் கொண்டுபோயிருக்கும்மா."

வாய்க்கால் நிறைய மூட்டை. சொந்தக்காரன் ஒருத்தனும் இல்லை! அஞ்சுகம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஒரு மூட்டையைப் பிரித்தாள். உள்ளே ஆன்லைனில் வாங்கிய சாமானின் பார்சல் உறை. மேலே பெயர், முகவரி, போன் நம்பர், எல்லாம் அச்சடித்து இருந்தது.

"குணசேகரன், வாய்க்கால்கரை!" என்று உரக்கப் படித்தாள். கூட்டம் சிரித்தது. அடுத்ததைப் பிரித்தாள். "வைத்தியலிங்கம், சலூன்கடை!" சிரிப்புக் குறைந்தது. "ஆரிபா பேகம், தலத்தெரு!" காரில் ஏறப்போன ஆரிபா அப்படியே நின்றுவிட்டார்.

"போதும் அஞ்சுகம், மானத்த வாங்காத, வர்றேன்!" என்று ஆரிபா செருப்பைக் கழற்றினார். அடுத்து வைத்தியலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். தங்கள் பெயர் வருவதற்குள் இறங்கிவிடுவது உத்தமம் என்று மீதிப்பேரும் இறங்கினார்கள். பொழுது சாயும் நேரத்தில் வாய்க்கால் வாய் திறந்தது. தேங்கியிருந்த தண்ணீர் கடலைப் பார்க்க ஓடியது.

இடுப்பளவு சேற்றில் நின்ற குணசேகரன் கையை முகர்ந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "ஊரு பாவமெல்லாம் கையில ஒட்டிக்கிச்சே அஞ்சுகம், என்னா பண்றது?"

"கையில ஒட்டுனது வெறும் சேறு, சோப்பு போட்டா போயிடும். உங்க மூளையில ஒட்டியிருக்கு பாருங்க, அதுக்கு எந்தக் கடையிலயும் சோப்பு கெடையாது. நீங்களா யோசிச்சாத்தான் போகும்!"