இருபத்து நாலாவது ஆள்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கு நான், உங்கள் தங்கை, அவளுடைய முட்டிவலி மூவரும் சௌக்கியம். நாலு வருடம் பேசாதவன் திடீரென்று கடிதம் போடுகிறானே என்று புருவத்தைத் தூக்காதீர்கள். நீங்கள் திருப்பிக் கொடுத்த ஏணியில் ஒரு படி குறைகிறதென்று நாலு பேர் முன்னால் நான் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்களை அழைப்பது நானல்ல, கணக்கு.

வெள்ளிக்கிழமை எனக்குப் பணி ஓய்வு. தண்ணீர் மீட்டர் கிடங்கில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவனுக்கு ஒரு குரூப் போட்டோ எடுப்பதாக முடிவு. மேனேஜர் ஒரே பிடியாக, "ஒரு சீட்டும் காலியா இருக்கக் கூடாது, ஒருத்தரும் நிக்கக் கூடாது" என்றுவிட்டார். போன வருடப் போட்டோவில் ஒரு நாற்காலி காலியாகத் தெரிந்ததால், ஆளே இல்லாத பதவி என்று தலைமை அலுவலகம் ஒன்றை ரத்து செய்தது. அதற்கு முந்தின வருடம் ஒருவர் நின்றதால், அளவுக்கு மேல் ஆள் என்று இன்னொன்றை ரத்து செய்தது. எங்களிடம் இருப்பதோ இரும்புச் சட்டத்தில் முடுக்கிய நாற்காலி வரிசைகள், அதுவும் அஞ்சு சீட்டு, ஏழு சீட்டு என்று ரெண்டே தினுசு, போல்ட்டெல்லாம் துருப்பிடித்து அசைய மறுக்கிறது. என்னையும் உங்கள் தங்கையையும் சேர்த்து ஆட்கள் இருபத்து மூன்று. நானும் பியூனும் இடுப்பொடிய இழுத்துப் போட்டுப் பார்த்தோம். மூணு அஞ்சும் ஒரு ஏழும் போட்டா ஒருத்தர் நிக்கிறார், ரெண்டு அஞ்சும் ரெண்டு ஏழும் போட்டா ஒரு சீட்டு இளிக்குது.

டைப்பிஸ்ட் அம்மா கணக்கில் பட்டம் வாங்கியவர். "அஞ்சுக்கும் ஏழுக்கும் பொது வகுத்தி ஒண்ணுதான் சார், விடை கட்டாயம் உண்டு" என்று பழைய ஃபைலின் முதுகில் போட்டு, ஆறு அஞ்சு வரிசை, மைனஸ் ஒரு ஏழு வரிசை என்று நீட்டினார். மேனேஜர் படித்துக்கூடப் பார்க்காமல், "மைனஸ் வரிசை ஒன்று உடனே வழங்கவும்" என்று கையெழுத்திட்டு எனக்கே அனுப்பினார். நானும் கடமை தவறாமல் பதிவேட்டைப் புரட்டி, "இருப்பில் இல்லை" என்று எழுதித் திருப்பினேன்.

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "மைனஸ் இல்லாம வேணும்னா இருபத்து மூணுக்கு வழியே இல்ல சார். முடியாத எண்கள்ல இதுதான் கடைசி. இன்னும் ஒரே ஒரு ஆள் வந்துட்டா தீர்ந்துச்சு. உங்க சொந்தத்துல யாருமில்லையா?"

எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். எவ்வளவு யோசித்தும் எனக்கு உங்கள் முகம்தான் வந்தது, என்ன செய்ய?

ஆகவே வெள்ளி காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனால் போதும். பேச வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். சமாதானத்துக்கு வருகிறான் என்று நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்றுதான் இத்தனை விளக்கம்.

உங்கள் வீட்டம்மாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. இரண்டில் எது உங்களுக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது சேதி வருகிறது, மேனேஜர் வெள்ளிக்கிழமை வெளியூர் மீட்டிங்குக்குப் போறாராம். இப்ப நீங்க இல்லாமலே இருபத்திரெண்டு, கச்சிதமா உக்காரும். நீங்க வந்தா மறுபடியும் இருபத்து மூணு, எந்தக் கணக்குலயும் அடங்காது. வாங்க மச்சான். நாலு வருஷமா நீங்க வராம வீடு நல்லாவே இல்ல. நீங்க உக்காருங்க, நான் நின்னுக்கறேன். எப்படியும் அன்னிக்கோட போற பதவிதானே!