நான் படித்துக்கொண்டு போன தீவு

எதையும் கடைசி எழுத்துவரை வாசிக்கும் பொறுமை எனக்குக் கிடையாது. (என் கல்யாணப் பத்திரிகையில் மணமகன் பெயரையாவது முழுதாக வாசித்தேனே, அது பெரிய விஷயம்.) அந்தக் குறைக்கான தண்டனை ரொறன்ரோவில், முப்பதாவது மாடியில், ஒரு கண்ணாடி அறைக்குள் வைத்துக் கிடைத்தது.

இலங்கையில், மன்னாரில் எட்டு வருடம் வங்கியில் இருந்தவள் நான். கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவில் மூன்று வருடமாகக் கடையொன்றில் சப்பாத்துப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த நேர்முகத் தேர்வு வந்தது. கரீபியன் கடலிலுள்ள டொமினிக்கா என்ற குட்டித் தீவு நாட்டின் வங்கிகளோடு தொடர்பாடும் வேலை.

இரண்டு கிழமை விழுந்து விழுந்து படித்தேன். மத்திய வங்கி, பேசோ நாணயம், போதாததற்கு ஸ்பானிஷில் வணக்கம் சொல்வது வேறு.

"இஞ்சரும், அவை ஸ்பானிஷே கதைக்கிறவை?" என்று கணவர் கேட்டார்.

"ஓமப்பா, எல்லாம் வடிவாப் பாத்திட்டன்."

(பார்த்தது டொமினிக்கன் குடியரசை. அது வேறு நாடு. வேறு தீவு.)

என்னைத் தேர்வு செய்ய வந்த பெண் மேலாளர் டொமினிக்காவிலேயே பிறந்தவர். நான் "புவெனோஸ் டியாஸ்" என்று தொடங்கி, பத்து நிமிடம் பேசோவின் ஏற்ற இறக்கங்களை விளாசித் தள்ளினேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நன்றாகப் படித்திருக்கிறீர்கள். ஆனால் நாங்கள் பேசுவது ஆங்கிலம். எங்கள் காசு டொலர். நீங்கள் சொன்னது வேறு நாடு."

காது கொதித்தது. கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

"இருங்கள். எங்கள் தீவில் புயல் அடித்து, அடையாள அட்டைகூட இல்லாமல் ஒருவர் வங்கிக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?"

இதற்கு நான் படிக்கத் தேவையிருக்கவில்லை. போரில் இடம்பெயர்ந்தவர்கள் வெறுங்கையோடு எங்கள் கவுண்டரில் நின்றதையும், நான் அவர்களின் கிராம அலுவலரான விதானையாரைக் கூப்பிட்டதையும், அயலவர் இருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கியதையும் தடுமாறாமல் சொன்னேன். அவர் பேனாவைத் திறந்தார்.

வேலை கிடைத்தது. ஐந்து வருடமாக அங்கேதான் இருக்கிறேன். ஆனால் வீட்டில் என் பெயர் போனது போனதுதான். போன கோடையில், எங்கள் ஒன்ராறியோ மாகாணத்துக்குள்ளேயே காரில் போய்வரக்கூடிய, லண்டன் என்ற பெயருள்ள ஊருக்குப் போவோம் என்றேன்.

"அம்மா, ஆர் யூ ஷுவர்? எந்த லண்டன்?" என்றாள் மகள்.

புறப்படும் நாளன்று கணவர், கிளப்பிய காரை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய், மூன்று பாஸ்போட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார்.